ஆடாத ஆட்டத்துக்குத் தங்கம்

2023-ம் வருஷம் அக்டோபர் 7-ந் தேதி, சீனாவிலுள்ள ஹாங்சோ நகரத்தில் இந்தியா ஒரு தங்கப் பதக்கம் பெற்றது. பெற்றது என்றுதான் எழுதுகிறேன். வென்றது என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நடந்தது இதுதான். ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் கிரிக்கெட்டின் இறுதிப் பந்தயம். அணிக்கு இருபது ஓவர். எதிரணி ஆப்கானிஸ்தான். முதலில் ஆடிய ஆப்கானியர்கள் 52 ரன்னுக்குள் ஐந்து விக்கெட்டுகளைப் பறிகொடுத்துவிட்டுத் தத்தளித்தார்கள். அப்புறம் காப்டன் குல்பதின் நயிப்பும் ஷாஹிதுல்லாவும் சேர்ந்து நின்றார்கள். அடித்து நொறுக்கவில்லை, கீழே விழுந்த வீட்டைத் தூக்கி நிறுத்துகிறவர்களைப் போல, ஒவ்வொரு ரன்னாகச் சேர்த்தார்கள். 18.2 ஓவரில் 112 ரன் ஆகியிருந்தபோது மழை வந்தது. வந்த மழை விடவில்லை. இந்தியா ஒரு பந்துகூட ஆடவில்லை. நடுவர்கள் விதிப் புத்தகத்தைப் பிரித்தார்கள். ஆட்டம் முடியாவிட்டால் தரவரிசையில் உயர்ந்த அணிக்கே தங்கம் என்று அதில் இருந்தது. வரிசையில் உயர்ந்தது இந்தியா. ஆகவே கொடி ஏறிற்று, கீதம் ஒலித்தது, பிள்ளைகள் கழுத்தில் தங்கம் தொங்கிற்று. மறுநாள் பத்திரிகைகளில் 'இந்தியா தங்கம் வென்றது' என்று கொட்டை எழுத்து.

"என்ன சார், வீட்டு வாசலுக்கு வந்த லட்சுமியைக் கதவைச் சாத்தி அனுப்பச் சொல்கிறீர்களா?" என்று கேட்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலிலேயே சொல்லி வைக்கிறேன்: அனுப்பச் சொல்லவில்லை. வந்த லட்சுமி இரண்டு வீட்டுக்கும் பொதுவானவள் என்கிறேன். அந்தத் தங்கத்தை இந்தியாவும் ஆப்கானிஸ்தானும் பகிர்ந்துகொண்டிருக்க வேண்டும்; பகிர்ந்துகொள்வோம் என்று முதலில் கேட்டிருக்க வேண்டியவர்கள் நம்முடைய கிரிக்கெட் வாரியத்தார். இதுதான் என் கட்சி.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு முடிவு என்றால் என்ன என்பதில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை நடக்கிறது. கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் ஆசிரியர் காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகைக்காரர் என்ன செய்யலாம்? ஒரு வாரம் பொறுக்கலாம். 'கதை முற்றுப் பெறவில்லை' என்று ஒரு வரி போட்டு வருத்தம் தெரிவிக்கலாம். அதை விட்டுவிட்டு, 'கதாநாயகியை மணக்க விரும்பிய இருவரில் சம்பளம் அதிகமுள்ளவர் இன்னார். ஆகவே அவருக்கே கல்யாணம்' என்று அறிவித்தால் வாசகர்கள் சும்மா இருப்பார்களா? ஹாங்சோவில் நடந்தது அந்தக் கல்யாணம்தான்.

தரவரிசை என்பது மட்டமான விஷயம் என்று நான் சொல்லவில்லை. வருஷக் கணக்கில் ஆடிச் சம்பாதித்த பெயர் அது. அந்தப் பெயருக்கு மரியாதை செய்யட்டும். வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் அந்த மரியாதை ஏற்கெனவே செய்தாகிவிட்டது என்பதை நம்மவர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். பதினான்கு அணிகள் வந்திருந்த பந்தயம் அது. சின்ன அணிகளெல்லாம் செப்டம்பர் 27-ந் தேதியிலிருந்து ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்க, இந்தியா உட்பட ஐந்து பெரிய அணிகளுக்கு முதல் சுற்றே கிடையாது. நேராகக் கால் இறுதி. பந்தியில் கூட்டு, பொரியல், சாம்பார் வரைக்கும் மற்றவர்கள் காத்திருந்து வாங்கிச் சாப்பிட, பாயசம் வரும் நேரத்துக்கு வந்து உட்கார்ந்தவர்களுக்கும் இலை தயாராக இருந்தது. ஒரு தரவரிசைக்கு ஒரு சலுகை, சரி. அதே தரவரிசையைக் கடைசி நாளிலும் எடுத்து நீட்டி, 'இதற்கு இன்னொரு கூலி' என்று தங்கத்தையும் வாங்கிக்கொள்வது என்ன நியாயம்?

அந்த முதல் சுற்றில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் போனால் பாவம். முதல் நாளே நேபாளம் மங்கோலியாவை எதிர்த்து ஆடியது. இருபது ஓவரில் 314 ரன். சர்வதேச இருபது ஓவர் ஆட்டத்தில் எந்த அணியும் அதுவரை முந்நூறைத் தொட்டதில்லை. குஷால் மல்லா என்ற இளைஞர் 34 பந்தில் நூறு அடித்தார். தீபேந்திர சிங் ஐரி என்பவர் ஒன்பதே பந்தில் ஐம்பது அடித்தார். மங்கோலியருக்கோ அதுதான் முதல் சர்வதேச ஆட்டம். 41 ரன்னில் எல்லோரும் அவுட். இப்படி வாங்கிக் கட்டிக்கொள்வதற்கும் ஒருவன் ஊரிலிருந்து மட்டையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் அல்லவா? வந்தார்கள். இந்தப் பிள்ளைகளெல்லாம் பந்தைத் துரத்திக்கொண்டிருந்த நாட்களில், பின்னால் தங்கத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆகப்போகிறவர்கள் இன்னும் களத்தில் இறங்கவே இல்லை. நாம் ஆடி முடித்த ஆட்டங்கள் இரண்டே இரண்டு: நேபாளத்தை 23 ரன்னிலும், வங்கதேசத்தை ஒன்பது விக்கெட்டிலும் ஜெயித்தோம். மூன்றாவதை மழை ஆடிற்று.

இன்னொரு விநோதம். அந்தத் தரவரிசையைச் சம்பாதித்தவர்கள் யார்? ஹாங்சோவுக்குப் போனவர்களில் சிலருக்கு அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பேரும் புகழும் பெற்ற பெரிய ஆட்டக்காரர்கள் அந்த வாரம் இந்தியாவில் இருந்தார்கள். உலகக் கோப்பைப் பந்தயம் இங்கே தொடங்கிவிட்டது. ஹாங்சோவில் மழை கொட்டிய தினத்துக்கு மறுநாள், நம்முடைய சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுடன் ஆட்டம். ஆப்கானிஸ்தானின் முதல் அணியும் சீனாவில் இல்லை. அதே 7-ந் தேதி தர்மசாலாவில் வங்கதேசத்தோடு ஆடித் தோற்றுக்கொண்டிருந்தது. ஆக, ஹாங்சோவில் மோதியவை இரண்டு நாட்டின் இரண்டாம் அணிகள். அண்ணன்மார்களின் சொத்துப் பத்திரத்தைப் பார்த்துத் தம்பிமார்களின் பந்தயத்துக்குத் தீர்ப்பு எழுதினார்கள். அண்ணன் பணக்காரன் என்பதற்காகத் தம்பிக்கு ஓட்டப் பந்தயத்தில் பரிசு கொடுக்கிற பள்ளிக்கூடம் எங்கேயாவது உண்டா?

யார் எத்தனை முறை வந்தார்கள் என்று பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது. ஆசிய விளையாட்டில் கிரிக்கெட் முதன்முதலில் இடம் பெற்றது 2010-ல், குவாங்சோவில். இந்தியா போகவில்லை. 2014-ல் இஞ்சியானில் மறுபடியும் வைத்தார்கள். அப்போதும் போகவில்லை. நமக்கு வேறு வேலை இருந்தது. 2018-ல் கிரிக்கெட்டே இல்லை. 2023-ல்தான் நம்முடைய வாரியத்துக்கு மனம் இரங்கிற்று. ஆப்கானிஸ்தானோ மூன்று முறையும் வந்தது. மூன்று முறையும் இறுதிப் பந்தயத்துக்கும் வந்தது. 2010-ல் வங்கதேசத்திடம் தோற்று வெள்ளி. 2014-ல் இலங்கையிடம் தோற்று வெள்ளி. 2023-ல் யாரிடமும் தோற்காமல் வெள்ளி. ஆசிய விளையாட்டில் எந்தப் பந்தயத்திலும் அந்த நாடு அதுவரை தங்கம் கண்டதில்லை. முதல் இரண்டு வெள்ளிகளைப் பற்றி அவர்கள் யாரையும் குறை சொல்ல முடியாது, மைதானத்தில் தோற்றார்கள். மூன்றாவதை எவன் கையிலிருந்து வாங்கினோம் என்று தங்கள் ஊருக்குப் போய் என்ன சொல்லியிருப்பார்கள்? வானத்தைக் காட்டியிருப்பார்களா, காகிதத்தைக் காட்டியிருப்பார்களா?

"மழைக்கு யார் என்ன செய்ய முடியும்?" என்கிறார்கள். மழைக்கு ஒன்றும் செய்ய முடியாது. மழை வரும் என்று தெரிந்தவன் குடை எடுத்துக்கொண்டு போகலாம். அந்த மைதானத்தில் பெண்கள் பந்தயம் முன்னதாகவே நடந்தது. செப்டம்பர் 21-ந் தேதி இந்தியப் பெண்கள் மலேசியாவுக்கு எதிராக 15 ஓவரில் 173 ரன் குவித்தார்கள். மலேசியப் பெண்கள் இரண்டே பந்து ஆடியதும் மழை. தரவரிசையைப் பார்த்து இந்தியாவை மேலே அனுப்பினார்கள். அன்றைக்கே பாகிஸ்தானும் ஒரு பந்துகூட வீசாமல் இந்தோனேஷியாவைத் தாண்டிப் போயிற்று. இரண்டு வாரத்துக்கு முன்பே வானம் இப்படி எச்சரித்திருக்கிறது! ஆண்கள் பந்தயத்தில் கால் இறுதிகள் அக்டோபர் 3, 4 தேதிகளில் முடிந்தன. 5-ந் தேதி ஆட்டம் இல்லை. 6-ந் தேதி அரை இறுதி, 7-ந் தேதி இறுதி, 8-ந் தேதி ஒட்டுமொத்த விளையாட்டு விழாவுக்கே மங்களம். அரை இறுதியை 5-லும் இறுதியை 6-லும் வைத்துக்கொண்டு, 7-ஐ மழைக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தால் குடி முழுகிப் போயிருக்குமா? கிராமத்துப் பொட்டலில் சைக்கிள் டயரை விக்கெட்டாக நட்டு விளையாடுகிற பையன்கள்கூட, மழை வந்தால் 'நாளைக்கு வந்து முடிக்கலாம்டா' என்றுதான் கலைகிறார்கள்.

அந்த நாளின் இன்னொரு ஆட்டத்தைக் கேட்டால் இந்த அநியாயம் இன்னும் நன்றாக விளங்கும். அதே 7-ந் தேதி வெண்கலத்துக்காகப் பாகிஸ்தானும் வங்கதேசமும் மோதின. அங்கேயும் மழை குறுக்கிட்டது. பாகிஸ்தான் ஐந்து ஓவரில் 48 ரன் எடுத்திருந்தது. கணக்குப் போட்டு, வங்கதேசத்துக்கு ஐந்து ஓவரில் 65 என்று இலக்கு வைத்தார்கள். ஆட்டம் கடைசிப் பந்து வரைக்கும் போயிற்று. கடைசிப் பந்தில் ரகிபுல் ஹசன் ஒரு பவுண்டரி அடித்து வெண்கலத்தைத் தட்டிக்கொண்டு போனார். ஐந்தே ஓவர்! குழந்தை விளையாட்டு என்று சிரிக்கலாம். ஆனாலும் அது விளையாட்டு. தோற்றவனுக்குத் தான் தோற்றது கண்ணால் தெரிந்தது. மூன்றாவது இடத்துக்கு ஒரு மட்டையும் ஒரு பந்தும் கிடைத்தன; முதலிடத்துக்கு ஒரு பட்டியல் கிடைத்தது.

"விதி முன்பே எழுதியதுதானே? ஆப்கானியர்களும் அதை ஒப்புக்கொண்டுதானே வந்தார்கள்?" என்பது அடுத்த கேள்வி. வக்கீல்களுக்குப் பிரியமான கேள்வி. ஒப்புக்கொண்டுதான் வந்தார்கள். வட்டிக் கடைக்காரனிடம் கைநாட்டு வைக்கிறவனும் ஒப்புக்கொண்டுதான் வைக்கிறான். கிரிக்கெட் விதிகளை யாரும் மலையிலிருந்து கல்லில் செதுக்கிக் கொண்டுவரவில்லை. அறைக்குள் உட்கார்ந்து எழுதுகிறார்கள், வெட்கம் வந்தால் மாற்றுகிறார்கள். 2019 உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் சரிசமமாக முடித்து, அதிகப்படி ஓவரிலும் சமமாகி, யார் அதிக பவுண்டரி அடித்தார்கள் என்று எண்ணி இங்கிலாந்துக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள். உலகம் சிரித்தது. அந்த வருஷமே அந்த விதியைத் தூக்கிப் போட்டார்கள். இஞ்சியானில் இதைவிட மோசம். மழையால் நின்ற அரை இறுதியை, காசைச் சுண்டிப் போட்டு இலங்கைக்குக் கொடுத்தார்கள்; வங்கதேசம் வாயடைத்துப் போயிற்று. என்னைக் கேட்டால் அந்தக் காசுக்காவது நடுநிலைமை இருந்தது. பூ விழுமா தலை விழுமா என்பதில் அது எந்த நாட்டின் தரவரிசையையும் பார்ப்பதில்லை.

பகிர்ந்துகொள்வது கிரிக்கெட்டுக்குப் புதிதும் அல்ல. 2002 செப்டம்பரில் கொழும்பில் சாம்பியன்ஸ் கோப்பையின் இறுதிப் பந்தயம், இந்தியாவுக்கும் இலங்கைக்கும். முதல் நாள் இலங்கை ஐம்பது ஓவர் ஆடியது. இந்தியா இரண்டு ஓவர் ஆடியதும் மழை. மறுநாள் முதலிலிருந்து தொடங்கினார்கள். மறுபடியும் இலங்கை ஐம்பது ஓவர் ஆடியது. இந்தியா ஒன்பதாவது ஓவரில் இருக்கும்போது மறுபடியும் மழை. இரண்டு நாளில் நூற்றுப் பத்து ஓவர் கிரிக்கெட் ஆடியும் முடிவு இல்லை. என்ன செய்தார்கள்? கோப்பையை இருவருக்கும் பொதுவாக்கினார்கள். சௌரவ் கங்கூலியும் சனத் ஜயசூர்யாவும் அந்தக் கோப்பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றதில் எந்த நாட்டின் மானமும் கப்பல் ஏறிவிடவில்லை.

'அது கிரிக்கெட்காரர்கள் சமாசாரம். ஒலிம்பிக் மாதிரியான விழாவில் தங்கம் என்றால் ஒன்றுதான்' என்று யாராவது சொன்னால், 2021-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கை ஞாபகப்படுத்துகிறேன். உயரம் தாண்டும் பந்தயத்தில் கத்தார் நாட்டு பர்ஷிமும் இத்தாலி நாட்டு தம்பெரியும் 2.37 மீட்டர் தாண்டினார்கள். 2.39 இருவராலும் முடியவில்லை. இன்னும் தாண்டிப் பார்க்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். இரண்டு பேருக்கும் தங்கம் கொடுக்க முடியுமா என்று பர்ஷிம் திருப்பிக் கேட்டார். முடியும் என்றார் அதிகாரி. தம்பெரி பாய்ந்து அவரைக் கட்டிக்கொண்டதை உலகமே பார்த்தது. அந்த ஒலிம்பிக்கில் எத்தனையோ பேர் தனித் தங்கம் வாங்கினார்கள். ஜனங்களுக்கு நினைவில் நிற்பது இந்த இரண்டு பேரும்தான்.

என்னை ஆப்கானிய அனுதாபி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த 7-ந் தேதியே ஹெராத் பிரதேசத்தில் பூகம்பம் வந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் மண்ணுக்குள் போனார்கள். அந்தத் துயரத்தைக் காட்டித் தங்கம் கேட்பது என் நோக்கமல்ல. இரக்கத்துக்காகக் கொடுக்கிற பதக்கமும் தரவரிசைக்காகக் கொடுக்கிற பதக்கத்தைப் போலவே பொய்யானது. அன்றைய கணக்கை மட்டும்தான் கேட்கிறேன். இந்தியாவுக்கு ஜெயிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 120 ரன் அருகில் முடிந்திருக்கக்கூடிய ஸ்கோர் நம்முடைய பிள்ளைகளுக்குப் பெரிதாக இருந்திராது. வாய்ப்பு அதிகம் என்பது வேறு, வெற்றி என்பது வேறு. முந்தின நாள் பாகிஸ்தானுக்கும் வாய்ப்பு அதிகம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆப்கானியர்கள் அவர்களை 115 ரன்னில் சுருட்டி, நான்கு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டு வந்தார்கள். அதற்கு முன் இலங்கையையும் எட்டு ரன்னில் கவிழ்த்திருந்தார்கள். தரவரிசை சொன்னபடிதான் எல்லாம் நடக்குமென்றால், அந்த இரண்டு ஆட்டங்களையுமே ஆடியிருக்க வேண்டாம்.

இன்னொரு ஆட்சேபம் இதையெல்லாம்விடக் கனமானது. 2021-லிருந்து ஆப்கானிஸ்தானை ஆளுகிறவர்கள் தங்கள் பெண்களை மைதானத்துக்கே வரவிடுவதில்லை. அந்த நாட்டுக்கா தங்கம் கேட்கிறீர் என்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை நான் மதிக்கிறேன். ஒரு நாட்டின் பாதி ஜனத்தை வீட்டுக்குள் பூட்டி வைத்துவிட்டு மற்றப் பாதியை விளையாட அனுப்புவது சகிக்கக்கூடியதல்ல. அதற்காக அந்த அணியைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்றால், வாசலிலேயே சொல்லட்டும், உரக்கச் சொல்லட்டும். நானும் கூடச் சேர்ந்து சொல்லத் தயார். உள்ளே அழைத்து, ஆட வைத்து, டிக்கெட் விற்று, கடைசியில் மழையைச் சாக்கு வைத்துக் கொடுக்காமல் விடுவதில் அந்தப் பெண்களுக்கு ஒரு காசு பிரயோஜனம் உண்டா? மழை எந்தப் பெண்ணின் பூட்டையும் திறந்துவிடவில்லை.

இதில் நஷ்டம் ஆப்கானியருக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள், நம்முடைய பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நேபாளத்தோடு ஆடிய கால் இறுதியில் நம் தமிழ்நாட்டுச் சாய் கிஷோருக்கு அதுவே முதல் சர்வதேச ஆட்டம். தேசிய கீதம் ஒலிக்கும்போது அவர் கண்ணில் நீர் பெருகி வழிந்தது. பல வருஷம் உள்ளூர்ப் பந்தயங்களில் பந்து போட்டுப் போட்டுக் காத்திருந்தவரின் கண்ணீர் அது. மூன்று நாள் கழித்து, அரை இறுதியில் வங்கதேசத்தின் மூன்று விக்கெட்டுகளை 12 ரன்னுக்கு வீழ்த்தினார். பக்கபலமாக வாஷிங்டன் சுந்தர் இரண்டு எடுத்தார். வங்கதேசம் 96-க்கு மேல் போகவில்லை. அந்தக் கைகள் தங்கத்தைப் பிடுங்கிக்கொண்டு வரக்கூடிய கைகள். அவற்றின் உள்ளங்கையில் தர்மம் போடுவதுபோல் தங்கத்தை வைத்தார்கள். நாளைக்குப் பேரக் குழந்தை 'தாத்தா, இறுதிப் பந்தயத்தில் எப்படி ஜெயித்தீர்கள்?' என்று கேட்டால் அந்த மனிதர் என்ன கதை சொல்வார்?

பகிர்ந்தால் நமக்குக் குறைந்துவிடும் என்று பயந்தார்களா? ஹாங்சோவில் இந்தியா 28 தங்கம் உட்பட 107 பதக்கங்கள் வாங்கிற்று. இந்த முறை நூறைத் தாண்டுவோம் என்று கோஷம் போட்டுக்கொண்டு போனவர்கள், தாண்டியும் காட்டினார்கள். ஆப்கானிஸ்தானோடு பகிர்ந்திருந்தாலும் அந்த 28 என்பது 28-தான். பர்ஷிமின் தங்கம் தம்பெரியின் தங்கத்தால் அரைத் தங்கம் ஆகிவிடவில்லை. நமக்குச் செலவு சல்லிக்காசு இல்லை. ஆப்கானியர்களின் பட்டியலில் தங்கம் என்ற கட்டத்தில் இருந்த பூஜ்யம் ஒன்றாகியிருக்கும். கிரிக்கெட் உலகத்தின் பணப் பெட்டிச் சாவி நம் வாரியத்தார் இடுப்பில்தான் தொங்குகிறது. அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் நேரம் மாறும், தேதி மாறும், ஊர்கூட மாறும். அந்த ஒரு வார்த்தையை அன்றைக்குச் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இனிமேலாவது விதிப் புத்தகத்தில் இரண்டே வரி எழுதட்டும்: இறுதிப் பந்தயத்துக்கு ஒரு மாற்று நாள் உண்டு; அந்த நாளும் மழையில் போனால் தங்கம் இருவருக்கும். 2028-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் சேர்ந்திருக்கிறது. ஆனால் அங்கே ஜூலை மாதத்தில் மழை அபூர்வம் என்பதால், அந்த மைதானத்தில் யாரும் இந்த விதியைப் பற்றி நினைக்கப் போவதில்லை. 2026-ம் வருஷ ஆசிய விளையாட்டுக்குக் குறித்தது ஜப்பானின் நகோயா, மாதம் செப்டம்பர். அது ஜப்பானில் புயல் அடிக்கிற மாதம்.